மேசைமேல் சிலியன்வாலா

பாஞ்சாலங்குறிச்சியில் 1801-ல் ஊமைத்துரையை எதிர்த்து நின்ற கும்பினிப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஓர் இளம் அதிகாரி இருந்தார். பிற்பாடு, 1830-ல், லண்டனில் அச்சான தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் எதிரியைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்களில் பகையை மீறி வியப்பு நிற்கிறது. அதில் ஒரு சிறு தகவல். வாய் பேச முடியாத ஊமைத்துரை, தாக்குதல் திட்டத்தைத் தன் ஆட்களுக்கு விளக்க, இடது உள்ளங்கையில் சின்னச் சின்னத் துரும்புகளைச் சேர்த்து வைப்பாராம். அவை வெள்ளைக்காரப் படை. நேரம் முதலானவற்றைச் சைகையால் சொல்லிவிட்டு, மறுகையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளி, வாயால் உஸ்ஸென்று ஓசை எழுப்புவார். அதுதான் உத்தரவு. அப்படிப் போட்ட திட்டத்தை நிறைவேற்றப் பெரும்பாலும் முதல் ஆளாக வந்து நிற்பவரும் அவர்தான் என்று வெல்ஷ் சேர்த்துக்கொள்கிறார்.

போர் விளையாட்டை உலகுக்குக் கொடுத்தது நாம்தான் என்று நிறுவ நான் இதைச் சொல்லவில்லை. அந்த வகைப் பெருமைக்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர், நிலத்தின் மேடுபள்ளங்களோடு செய்த ஒரு மேசையை 1812-ல் அரசனுக்குக் காட்டினார். அவர் மகன் 1824-ல் அதை எட்டாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைபடம், பகடை, நடுவர் எல்லாம் கொண்ட பயிற்சியாக்கி ராணுவத்திற்குக் கொடுத்தார். ஹெச். ஜி. வெல்ஸ் 1913-ல் இதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்து, பொம்மைப் பீரங்கியால் தகரச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டாக்கிப் புத்தகம் போட்டார். அடுத்த வருஷம் முதல் உலகப் போர். இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாட்டர்லூவையும் கெட்டிஸ்பர்க்கையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மேசைமேல் திரும்ப நடத்தும் ஆயிரக்கணக்கான பேருக்கு மூதாதைகள் இவர்களே.

என் அக்கறை வேறு. பிரஷ்ய மேசையில் காயை நகர்த்துகிறவன் ஒருவன், சாகிறவன் இன்னொருவன். ஊமைத்துரையின் உள்ளங்கையில் அந்தப் பிரிவு இல்லை. 1801 மார்ச் 31-ல் கும்பினியின் தாக்குதலை அந்த மண்கோட்டை முறியடித்தது. மே 24-ல் கோட்டை விழுந்தது. நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். துரும்புகளைத் துடைத்த கையும் தூக்குமேடை ஏறிய உடம்பும் ஒன்றுதான். இந்த இரண்டு வகை ஆட்டத்திற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

பி. ஏ. இலக்கியத்தில் ஸ்டெர்னின் 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி'யைப் புரட்டியவர்களுக்கு டோபி மாமாவை நினைவிருக்கும். நாமூர் முற்றுகையில் காயம் பட்டவர். எங்கே அடிபட்டது என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கப் பார்க்கிறார். அகழி, அரண், கொத்தளம் என்று சொற்கள் காலைச் சுற்றிக்கொள்கின்றன. வரைபடம் வாங்குகிறார். அதுவும் போதாமல், ட்ரிம் என்ற பழைய சிப்பாயின் யோசனைப்படி தோட்டத்துப் புல்வெளியில் கோட்டைகளையே சிறிதாகக் கட்டத் தொடங்குகிறார். இதை அசட்டுத்தனத்தின் சித்திரம் என்றே வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இன்று அப்படிப் படவில்லை. சொல் கைவிட்ட இடத்தில்தான் டோபிக்குப் புல்வெளி வேண்டியிருந்தது. ஊமைத்துரைக்குத் துரும்பு வேண்டியிருந்ததும் அங்கேதான். சிறு உரு என்பது இவர்கள் இருவருக்கும் பொழுதுபோக்கு அல்ல, மொழி.

நான் வங்கியில் குமாஸ்தா. கம்பத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, வாடகை வீட்டின் முன்னறையில் ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்றை மேசைமேல் போட்டு, 1849 ஜனவரி 13-ஆம் தேதி பிற்பகலை அதில் நிறுத்த முயன்று வருகிறேன். களம் சிலியன்வாலா. ஜீலம் நதிக்குப் பக்கம், இன்று பாகிஸ்தானிலுள்ள பஞ்சாபில். கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் போர் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இந்த ஊரில்தான் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் படம் மாட்டாத டீக்கடை குறைவு. முல்லைப் பெரியாறு அணையை 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்த எஞ்சினியர். மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர். இங்கே 14,707 ஏக்கர் இருபோகம் என்ற எண்ணைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். லோயர் கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. அந்தத் தேதி தைப்பொங்கலை ஒட்டி வருவதால், பொங்கல் பானையை அவர் படத்துக்கு முன்னால் வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பிள்ளைக்கு அவர் பெயரை வைத்த வீடுகள் உண்டு.

அவருடைய தகப்பனார் பெயரும் ஜான் பென்னிகுவிக். பிரிகேடியர். சிலியன்வாலாவில் 24-ஆம் காலாட்படையும், வங்காளச் சிப்பாய்களின் 25, 45-ஆம் படைகளும் சேர்ந்த பிரிகேட் அவர் கையில் இருந்தது. தளபதி காஃப் அன்று கூடாரம் அடிக்கத்தான் நினைத்திருந்தார். சீக்கியப் பீரங்கிகள் முழங்கவே, பிற்பகல் மூன்று மணிவாக்கில் தாக்குதலுக்கு உத்தரவிட்டார். எதிரே முள்காடு. பட்டாளத்துக்குப் பட்டாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. டிவிஷனை நடத்திய காம்ப்பெல், இரண்டு பிரிகேட்டையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ள முடியாது என்று இடப்பக்கத்துப் பிரிகேட்டோடு போய்விட்டார். சுடாமல், துப்பாக்கிமுனைக் கத்தியால் மட்டும் பீரங்கிகளைப் பிடிப்பது என்று 24-ஆம் படைக்கு ஏற்பாடு. அவர்கள் விரைந்தார்கள். பக்கத்துச் சிப்பாய்ப் படைகள் காட்டுக்குள் பின்தங்கின. பீரங்கிகளைப் போய்த் தொட்டார்கள். தொட்டவர்கள் நிற்க முடியவில்லை. ஏறக்குறைய ஆயிரம் பேரில் 500-க்கும் மேல் செத்தோ காயம்பட்டோ போனார்கள். செத்த அதிகாரிகள் 13. பிரிகேடியர் விழுந்தார். அதே படையில் இளநிலை அதிகாரியாக இருந்த அவருடைய மகன் அலெக்ஸாண்டர், பதினேழு வயது, தகப்பனின் உடலை விட்டு நகராமல் நின்று அங்கேயே செத்தான்.

இளைய மகன் ஜானுக்கு எட்டு வயது நிறைய அன்று இன்னும் இரண்டே நாள். ஜனவரி 15-ஐ இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் கொண்டாடுகிறது. 13-ஐ யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மேசைக்கு வருகிறேன். ஒரு பொம்மை இருபது பேருக்குச் சமம். ஆக, 24-ஆம் படை ஐம்பது பொம்மை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம். இந்தப் போருக்கென்று செய்தவை கிடைப்பது அரிது. ஆனால் இதே 24-ஆம் படை முப்பது வருஷம் கழித்து, 1879-ல், தென்னாப்பிரிக்காவில் இசண்டில்வானாவில் ஸூலுக்களிடம் அழிந்ததே, அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்கள் பெட்டி பெட்டியாய்க் கிடைக்கிறார்கள். அவர்கள் தலையிலுள்ள ஹெல்மெட் 1849-ல் கிடையாது. பிளேடால் சீவித் தொப்பியாக்க வேண்டும். சிப்பாய்ப் படைகளுக்குக் காசு போதாமல் புளியங்கொட்டையை வைத்தேன். வைத்த பிறகு யோசித்தால், பழைய சண்டைக் கதைகளில் சிப்பாய்க்குக் கிடைத்த இடமும் அதுதான்: வெள்ளைக்காரனுக்கு முகம், இவனுக்குக் கொட்டை. இப்போது அவர்களுக்கும் பொம்மை வாங்கியாகிவிட்டது. பிரிட்டிஷ் பக்கத்து இழப்புக்குப் படைவாரியாகப் பட்டியல் இருக்கிறது, செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து மொத்தம் 2,300-க்கும் மேல். சீக்கியர் பக்கத்துச் சாவுக்கு இருப்பது வெறும் மதிப்பீடு. பொம்மை வாங்கி அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது.

எனக்கு எதிரே ஆடுகிறவர் எங்கள் கிளையில் துப்பாக்கியோடு வாசலில் நிற்பவர். எல்லோரும் கன்மேன் என்பார்கள். நான் அண்ணே என்பேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காஷ்மீரில் பல வருஷம் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ சாவி கொடுக்க வந்தவர் பலகையைப் பார்த்தார். கதையைச் சொன்னேன். "சர்தார் பக்கம் நான்" என்று உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பக்கத்தில் சிநேகிதர்கள் உண்டு. பச்சைச் சாயம் அடித்த பலகை; நடுவே நாலைந்து மரம்; எதிர்வரிசையில் அவருடைய பீரங்கிகள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், இங்கிட்டு இருந்து பாத்தா அம்புட்டும் தெரியுதே. இப்பிடித் தெரிஞ்சா எவன் சார் சாவான்?"

போர் விளையாட்டைப் பற்றி நான் படித்த எதிலும் இத்தனை நேராக இந்த விஷயத்தைத் தொட்ட வாக்கியம் இல்லை. வரலாற்றைச் சிறிதாக்கும்போது முதலில் காணாமல் போவது காடுதான். உயரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரிகிறது. தெரிவதாலேயே அவன் காண்பது அந்தப் போராக இல்லை. காஃபை அவசரக்காரர் என்றும், பிரிகேடியரை மூர்க்கர் என்றும் நாற்காலியில் இருந்தபடி தீர்ப்புச் சொல்லிவிட முடிகிறது.

அன்றிலிருந்து ஆட்டத்தை மாற்றினோம். கருவேல முள்ளைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் பலகை முழுக்க நட்டோம். பொம்மையின் உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி, பலகையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தால் தெரிவது மட்டுமே தெரியும் என்று விதி. பீரங்கிகள் எங்கே என்பது அவர் எழுதி மடித்த சீட்டில் இருக்கும். பழைய பிரஷ்ய முறையில் இதற்குத்தான் நடுவர். எங்களுக்கு ஆள் இல்லை; ஒருவரை ஒருவர் நம்பினோம். கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு எதிரே முள். முள்ளுக்கு அப்பால் ஓசை. நின்றால் குண்டு விழுகிறது. பின்வாங்கினால் பக்கத்துப் படை திறந்துபோகும். என்ன நடந்தது என்று தெரிந்திருந்தும் ஐம்பது பொம்மையையும் முன்னால்தான் நகர்த்தினேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் வேறு வழி தெரியவில்லை. அதற்குப் பின் இன்றுவரை பலமுறை ஆடிவிட்டோம். பகடை சில நாள் தயவு காட்டுகிறது. முள் ஒரு நாளும் காட்டியதில்லை.

இதை நம் சரித்திர நாவல்களோடு சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அவற்றில் போர்க்களம் எப்போதும் குன்றின் மேலிருந்து வர்ணிக்கப்படுகிறது. யானை எங்கே, குதிரை எங்கே, வஞ்சகன் எங்கே என்று எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும், கதாநாயகனுக்கும் எப்படியோ தெரிந்துவிடும். தெரியாமை என்ற அனுபவமே அங்கே கிடையாது. முள் நடாத பலகை. விமர்சனம் எழுதும் நம்மிடமும் இந்தச் சுகம் உண்டு. படைப்பு முடிந்தபின் மேலிருந்து பார்த்து, இங்கே திரும்பியிருக்க வேண்டும், அங்கே நின்றிருக்க வேண்டும் என்கிறோம். எழுதியவன் கன்னத்தை வைத்துப் பார்த்த உயரத்திற்கு நாம் ஒரு தடவையாவது தாழ்ந்து பார்த்தோமா என்பது கேள்வி. என் பிழைப்பிலும் இதுதான். திராட்சைக் கொடிக்குக் கடன் வாங்கியவர் கணினித் திரையில் ஒரு வரி. ஒரு வரி ஒரு குடும்பம் என்பது பொம்மைக் கணக்கைவிட நல்ல கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலிருந்து பார்ப்பதிலும் அரசியல் உண்டு என்பதற்கு வாட்டர்லூ மாதிரி சாட்சி. வில்லியம் ஸைபோர்ன் என்ற அதிகாரி களத்துக்கே போய் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, அன்று மாலை ஏழு மணிவாக்கில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். பல்லாயிரம் சின்ன உருவங்களோடு 1838-ல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். அந்த நேரத்தில் பிரஷ்யர்கள் களத்துக்கு வந்துவிட்டதை அவருடைய மாதிரி காட்டியது. வெற்றி தன்னுடையது என்று நினைத்த வெலிங்டன் தரப்புக்கு அது ருசிக்கவில்லை. கடைசியில் ஸைபோர்ன் பிரஷ்ய உருவங்களில் பெரும் பகுதியைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார். தகரப் பொம்மைதான். ஆனால் எது எங்கே நின்றது என்று வைப்பதும், எதை எடுத்துவிடுவது என்பதும் வரலாறு எழுதுவதே.

கன்மேன் அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்வி: "தண்ணி எங்கிட்டு சார் இருக்கு?" நான் வாங்கிய விதிப்புத்தகத்தில் தண்ணீர் இல்லை. குறிப்புகளைத் திரும்பத் தேடினேன். பொழுது சாயும் நேரத்தில் காஃபின் படை களத்தைவிட்டு சிலியன்வாலா கிராமத்துக்குப் பின்வாங்கிய காரணமே தண்ணீர்தான். பிடித்த பீரங்கிகளில் பெரும்பாலானவற்றையும் காயம்பட்டவர்களில் பலரையும் விட்டுவிட்டுப் போனார்கள். இரவில் மழை. தகப்பனையும் அண்ணனையும் அப்படிப்பட்ட ஒரு களத்தில் இழந்த சிறுவன் பிற்பாடு வறண்ட பள்ளத்தாக்குக்கு ஆற்றைத் திருப்பினான் என்று முடிச்சுப் போட்டால் மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டும் அருகருகே கிடக்கின்றன, கிடக்கட்டும். நாங்கள் செய்தது, கிராமத்தின் இடத்தில் ஒரு குளத்தை நீலத்தில் வரைந்ததுதான்.

செத்த அதிகாரிகளின் உடல்களை எடுத்துவந்து, அவர்கள் முந்தின நாள்வரை சாப்பிட்ட கூடாரத்தில், சாப்பாட்டு மேசைமேல் வரிசையாகக் கிடத்தினார்கள் என்று அந்தப் படையின் வரலாற்றில் வருகிறது. இதைப் படித்த பிறகு எங்கள் பலகைக்கும் எங்களுக்கும் இடையே ஏதோ ஒன்று மாறிவிட்டது. விழுந்த பொம்மையைச் சும்மா ஓரமாகத் தள்ளுவேன். "கவுத்துப் போடாதீங்க சார். மல்லாக்கப் போடுங்க" என்று அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பார், சீக்கியனையும் சிப்பாயையும் வெள்ளைக்காரனையும் ஒன்றுபோல. ஏன் என்று நான் கேட்கவில்லை. காஷ்மீரைப் பற்றி அவரும் சொன்னதில்லை.

விளையாட்டு தன் எல்லையைத் தானே காட்டும் இடம் ஒன்று உண்டு. விதிப்புத்தகத்தில் நடப்பதற்கு இத்தனை அங்குலம், சுடுவதற்கு இத்தனை பகடை, மனம் தளர்ந்து ஓடுவதற்கு இன்ன எண் என்று எல்லாம் இருக்கிறது. ஒருவன் ஓடவும் இல்லை, முன்னேறவும் இல்லை, ஓர் உடலுக்குப் பக்கத்தில் வெறுமனே நிற்கிறான் என்றால் அதற்கு எண் கிடையாது. விதிப்படி அவன் படையிலிருந்து பிரிந்தவன், கணக்கில் வரமாட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை 24-ஆம் படையின் மிச்சத்தை நான் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தபோது, பிரிகேடியரின் பக்கத்தில் ஒரு பொம்மையை அண்ணன் நிறுத்திவைத்தார். அது என் பக்கத்துப் பொம்மை. எதிராளி நகர்த்தக் கூடாது. "இது இங்கனயே இருக்கட்டும் சார்" என்றார். பகடை போடவில்லை. இந்தப் பலகையில் நடந்தவற்றில் வரலாற்றுக்கு மிக அருகில் வந்தது அது ஒன்றுதான். விதிக்கு வெளியே நடந்ததும் அது ஒன்றுதான்.

துரும்புகளை ஊமைத்துரை ஒரே வீச்சில் துடைத்தார். அந்த உரிமை அவருக்கு இருந்தது. களத்துக்கு அவரும் போகிறவர். நாங்கள் போகாதவர்கள். ஆட்டம் முடிந்து பலகையைக் காலி செய்யும்போது, கையால் கூட்டி அள்ளிப் பெட்டியில் போடுவதில்லை என்று ஒரு வழக்கம் எங்களுக்குள் தானாக வந்திருக்கிறது. ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறோம். அதற்கு ஆட்டத்தைவிட அதிக நேரம் ஆகிறது.